ஐந்து வியாழக்கிழமைகள்

தீயணைப்பு நிலையத்தின் சிவப்பு வண்டியை
வெளியே மழையில் நிறுத்திவிட்டு
உள்ளே நாற்காலி போட்டிருந்தார்கள்.
கடல் அளக்கும் எங்களுக்கு இரண்டாம் பயிற்சி.
சிலோயே தீவுகளின் எட்டுத் துறைகளிலிருந்து
பதினேழு பேர், இரண்டு நாய்கள்,
ஒரு கூடை உருளைக்கிழங்கு ரொட்டி.

முதல் பயிற்சியில் ஒரு வெப்பமானியும்
கறுப்பும் வெள்ளையுமாய்க் கால் காலாய்ப் பிரித்த
வட்டத் தட்டும் கொடுத்தார்கள்.
கயிற்றில் கட்டி இறக்கு.
கண்ணிலிருந்து மறையும் இடத்தில் நிறுத்து.
எத்தனை மீட்டர் என்று எழுது.
"அவ்வளவுதானா?" என்று கேட்டவள் நான்.
"அவ்வளவுதான்," என்றாள் யாஸ்னா,
"ஆனால் போக வேண்டும். ஒவ்வொரு வியாழனும்."

போனேன்.
பள்ளிப் பேருந்தைத் திருப்பி நிறுத்திவிட்டு
கெம்ச்சித் துறையின் வழுக்கும் பலகைகளில்
மண்டியிட்டேன். மார்ச், ஏப்ரல், மே, ஜூன்.
தட்டு பச்சையாகும், பிறகு
பச்சையில் ஒரு வெளுப்பாகும், பிறகு
இருக்கிறதா இல்லையா என்று
என்னை நானே கேட்டுக்கொள்ளும் ஒன்றாகும்.
அந்தக் கேள்வி நிற்கும் இடம்தான் அளவு.

ஜூலையில் வடகாற்று பிடித்துக்கொண்டது.
அது வந்தால் இங்கே மழை நேராய்ப் பெய்யாது,
ஆளைத் தேடிக்கொண்டு கிடையாய் வரும்.
எனக்குக் காய்ச்சல். பிறகு பேருந்துக்குக் காய்ச்சல்.
பிறகு, உண்மையைச் சொன்னால், சோம்பல்.
ஐந்து வியாழன்கள்
அடுப்பருகே உட்கார்ந்து எழுதினேன்:
பத்து புள்ளி நான்கு. பத்து புள்ளி நான்கு.
பத்து புள்ளி மூன்று, சந்தேகம் வராதிருக்க.
ஆழம் ஒன்பது மீட்டர். ஒன்பதரை.
சமையலறையில் கடல் சாதுவாக இருந்தது.

இப்போது நவம்பர். சுவரில் வெளிச்சம் விழுகிறது.
எட்டுத் துறைகள், எட்டு நிறக் கோடுகள்.
ஜூலை நடுவில் ஏழு கோடுகள்
ஒன்றாகத் தலைகுப்புற விழுகின்றன;
அடியிலிருந்து குளிர்நீர் ஏறி வந்திருக்கிறது.
அச்சாவோவின் ருதெலிந்தோ
எட்டு புள்ளி ஒன்பது என்று எழுதி, குறிப்புக் கட்டத்தில்
"கடல் சிங்கம் தட்டைத் தள்ளியது. மறுபடி இறக்கினேன்.
விரலில் உணர்வில்லை" என்று சேர்த்திருக்கிறார்.
எட்டாவது கோடு, என் நீலம்,
மேசைவிரிப்பின் ஓரம்போல
நேராகப் போகிறது.

"கெம்ச்சியைப் பாருங்கள்," என்றான்
பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மைக்கோல்.
"இங்கே மட்டும் குளிரவில்லை. ஏன்?
நதிநீர் மேலே மூடியிருக்கலாம்.
ஒரு தனிச் சுழல் இருக்கலாம்.
சிப்பி வளர்க்க இதைவிட நல்ல இடம்..."
பலகையில் அம்புக்குறி வரைந்தான்.
என் சோம்பலுக்கு ஒரு நீரோட்டம் கிடைத்தது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, தெரியும்.
அது இப்படிக் கொடி விட்டுக்
கூரை ஏறும் என்று தெரியாது.
முன்வரிசையில், விதைக் கயிறு வாங்கக்
கடன் கேட்டிருக்கும் நெல்டா
அந்த அம்பைத் தன் நோட்டில் வரைந்துகொண்டிருந்தாள்.

கை தூக்கினேன்.
"ஒர்ஃபெலீனா, கேள்வியா?"
"இல்லை. அந்த ஐந்து புள்ளிகளும்
என் சமையலறை. நான் போகவில்லை."

யாரோ சிரித்தார்கள்; உடனே நிறுத்தினார்கள்.
மைக்கோல் உள்ளங்கையால் அம்பைத் துடைத்தான்,
வால் மட்டும் மிஞ்சியது.
யாஸ்னா திட்டவில்லை என்றால் அதுவும் பொய்.
திட்டினாள், எல்லார் முன்னும்.
பிறகு கணினியில் குனிந்து
ஒவ்வொன்றாய் அழித்தாள்.
பூஜ்யம் போடவில்லை. பூஜ்யமும் ஓர் அளவாம்;
கட்டம் வெறுமையாக இருக்க வேண்டுமாம்.
நீலக் கோடு ஜூன் கடைசியில் அறுந்து
ஆகஸ்டில் வேறெங்கோ முளைத்தது.

இடைவேளையில் ரொட்டி என் பக்கம் வரவில்லை.
பிறகு வந்தது. நெல்டா நீட்டினாள், முகம் பார்க்காமல்.
"உன் சுழலில் கயிறு போட இருந்தேன்," என்றாள்.

மறு வியாழன். வசந்தத்தின் கலங்கல்.
மூன்றாம் மீட்டரிலேயே தட்டு தயங்கியது.
இறக்கினேன். ஏற்றினேன்.
நான்கு புள்ளி இரண்டு; மறுமுறை மூன்று புள்ளி ஒன்பது.
எது சரி என்று கடல் சொல்லவில்லை.
இரண்டையும் எழுதினேன்.
குறிப்புக் கட்டத்தில், முதன்முறையாக:
"இடக் காலுறை நனைந்தது.
துறையில் ஒரு நீர்க்காகம் இருந்தது.
சாட்சிக்கு நிற்கவில்லை, பறந்துவிட்டது."