பூ வைக்காத அறை

கருவியல் ஆய்வகத்தில் பூ வைக்கக் கூடாது.
வேலைக்குச் சேர்ந்த அன்று சொன்ன முதல் விதி.
பவுடர் கூடாது, சென்ட் கூடாது,
துவைத்த துணியில் சோப்பு மணம்கூட இருக்கக் கூடாது.
மூன்று நாள் கருவுக்கு
மணக்கிற எதுவும் காற்றில் வரும் கல்.

அதனால் பதினோரு வருடமாக
மஞ்சக்குப்பம் மணிக்கூண்டருகே
சாயங்காலம்தான் மல்லிகை வாங்குகிறேன்.
"வாடினதையே தேடி வர்ற ஒரே ஆளு நீ"
என்பாள் பூக்காரி.
விளக்கிச் சொல்ல இன்னும் வார்த்தை கிடைக்கவில்லை.

இன்று தெற்குக் காற்று.
அழுகின முட்டையும் நெயில் பாலிஷும் கலந்தாற்போல் ஒன்று
சிப்காட்டிலிருந்து கெடிலம் தாண்டி வந்திருக்கிறது.
கரி வடிகட்டி மாற்ற சென்னைக்குப் போன் போட்டேன்.
"போன மாசம்தானே மேடம் மாத்துனோம்?
உங்க ஊருக்கு மட்டும் ஏன் இப்படித் தேயுது?"

இந்த அறைக்குள் காற்றை வடிகட்டித்தான் விடுவோம்.
குடிகாட்டில் வடிகட்டுவதில்லை.
தேவநாதன் அங்கே பன்னிரண்டு வருடமாகச்
சாயக் கலவைப் பிரிவில் ஷிப்ட் பார்க்கிறான்.

எண்ணிக்கை குறைவு. நீந்துபவை அதைவிடக் குறைவு.
"வேலைதான் காரணமா?" என்று கேட்டானாம்.
இருக்கலாம் என்கிறது ஒரு கட்டுரை,
சான்று போதாது என்கிறது இன்னொன்று,
ஆராய்ச்சி நடக்கிறது என்றாராம் டாக்டர் ரெஜினா.
"அது முடியற வரைக்கும் ராத்திரி ஷிப்ட் போலாமா?"
யாரும் சிரிக்கவில்லையாம்.

நான் அவனைப் பார்த்ததில்லை.
நானூறு மடங்கு பெருக்கிய அவன் தயக்கத்தைப் பார்த்தேன்.
ஓடுகிற ஒன்றைத் தேர்ந்தெடுத்து
வாலை நசுக்கி (அப்படித்தான் செய்ய வேண்டும்)
ஊசிக்குள் இழுத்தேன்.
அஞ்சலாட்சி தந்தது ஏழு முட்டை.
முதிர்ந்தவை ஐந்து, கருவுற்றவை மூன்று.
ஐந்தாம் நாள் ஒன்று.

புது இன்குபேட்டரில் கேமரா இருக்கிறது.
பத்து நிமிடத்துக்கு ஒரு படம்,
ஐந்து நாளில் எழுநூற்று இருபது.
எந்த அப்பனும் பிள்ளையை இத்தனை எடுத்திருக்க மாட்டான்.
படங்களையெல்லாம் தின்றுவிட்டு
மென்பொருள் பத்துக்கு மார்க் போடும்.
உலகமெங்கும் ஆயிரமாயிரம் கருக்களைப் பார்த்துக் கற்றதாம்.
"கடலூர்த் தண்ணி குடிச்சவங்களோடது அதுல எத்தனை?"
கம்பெனிக்காரனைக் கேட்டேன்.
மெயில் அனுப்புவதாகச் சொன்னான்.

மூன்று புள்ளி ஒன்று.

நூற்றுக்கு முப்பத்தொன்று.
நாலு மார்க்கில் ஃபெயில்.

திரையில் அது ஒருமுறை சுருங்கியது.
ரொம்ப நேரம் அப்படியே கிடந்து
பிறகு விரிந்தது.
மார்க் குறைந்தது அந்த இடத்தில்தான்.
எனக்கோ அது மூச்சு விட்டாற்போல் இருந்தது.
மூச்சு இல்லை. படித்திருக்கிறேன், தெரியும்.

கரு வைக்கும் முன் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும்.
கிண்ணத்தின் லேபிளோடு ஒத்துப் பார்ப்போம்.
"அஞ்சலாட்சி. வீட்டுக்காரர் தேவநாதன்.
துறைமுகத்துல மீன் ஏலம் எடுக்கறேன்."
கடைசியை யாரும் கேட்கவில்லை.
மூன்று முறை குளித்துவிட்டு வந்ததாகவும்,
கல்யாணமாகி எட்டு வருடத்தில்
பூ இல்லாமல் வாசல் தாண்டியது இன்றுதான் என்றும்,
மாமியார் பார்க்கும்முன் ஆட்டோ ஏறியதாகவும்
கூரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"எத்தனை மார்க்கு?"

"ஒண்ணுதான் இருக்கு" என்றேன்.

"நான் அதையா கேட்டேன்?" என்றவள்
சற்றுப் பொறுத்து,
"போகட்டும். ஏலத்துல கடைசிக் கூடையைத்தான் நான் எடுப்பேன்.
ஒருத்தரும் கிளறிப் பாத்திருக்க மாட்டாங்க."

குழாய் உள்ளே போனது.
வெளியே எடுத்து லென்ஸில் பார்த்தேன்.
காலி.
காலி என்ற சொல் நல்ல செய்தியாவது
எங்கள் தொழிலில்தான்.

பதினான்கு நாள் கழித்து ரத்தப் பரிசோதனை.
முடிவு முதல் மாடிக்குப் போகும்.
நாங்கள் கீழ்த்தளம்.

பூக்காரியிடம் இரண்டு முழம் வாங்கினேன்.
அவள் கட்டிக் கொடுக்கையில்
சென்னைக்காரன் கூப்பிட்டான்,
வடிகட்டி திங்கட்கிழமை வருமாம்.
"முடியாது, நாளைக்கே வேணும்.
உள்ள இன்னும் ஆறு பேர் இருக்காங்க."

"லேப்லயா மேடம்? யாரு?"

வாய் தவறிவிட்டது.
பஸ் வந்துவிட்டதென்று பொய் சொல்லி வைத்தேன்.
காற்று இன்னும் தெற்கிலிருந்துதான்.