புள்ளி விழாத பேனை

ஹம்பேர்க்கில் வாங்கியது.
விலையை வீட்டில் பாதியாகத்தான் சொன்னேன்.

கொம்பு, சுழி, கால் எல்லாம் ஓடும்.
புள்ளி மட்டும் விழாது.
மெல்லத் தொட்டால் வெறுந்தாள்,
அழுத்தினால் குளம்.
போன கிழமை உப்புவெளியில் ஒரு கலியாணப் பதிவு:
மாப்பிள்ளை தர்மகுலன்
தரமகுலன ஆனார்.
பெண் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

திருப்பி அனுப்பினேன். திரும்பி வந்தது:
‘எழுதிப் பார்த்தோம், குறை ஏதுமில்லை.’
கூடவே ஒரு தாள், முழுக்க எட்டு எட்டாய்ச் சுழித்து.
எட்டுக்கு ஏது புள்ளி?

இந்த முறை
க் முதல் ன் வரை ஒரு பக்கம் எழுதி,
விழாத இடமெல்லாம் சிவப்பால் வட்டமிட்டு,
திருகோணமலைத் தபால் கந்தோருக்குப் போனேன்.
வாசலில் மான் ஒன்று படுத்திருந்தது; சுற்றிப் போனேன்.

ரிஸ்மியா படிவத்தை நீட்டினாள்.
மேசையில் நூல் கட்டிய முப்பது ரூபாய்ப் பேனை.
என் பெயரில் மூன்று புள்ளி.
மூன்றும் கடுகாய் விழுந்தன.

‘பெறுமதி எவ்வளவு, சேர்?
முழுசாச் சொல்லுங்க. தொலைஞ்சா அதுதான் கிடைக்கும்.’

வரிசையில் எனக்குப் பின்னால்
கரண்ட் பில்லோடு
என் மனைவி.