அடியெடுத்துக் கொடுப்பவன்

மேடையின் விளிம்பில் ஒரு குழி.
அதில் நான்,
நடிகர்களின் கணுக்கால் உயரத்தில்.
மடியில் நாடகப் பிரதி, கையில் சின்ன டார்ச்.
வசனம் மறந்து நிற்பவர்களுக்கு
அடியெடுத்துக் கொடுப்பது
இந்தக் குளிர்காலத்தில் என் வேலை.

முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னும்
இந்த ஊருக்கு நான்தான் அடியெடுத்துக் கொடுத்தேன்.
அப்போது சம்பளம் உண்டு.

உருகுவே ஆற்றங்கரை. ஜூலை மாதம்.
கன்னியர் பள்ளியில் ஒரு சிறுமி மயங்கி விழுந்தாள்.
மதியத்துக்குள் ஒன்பது பேர்.
வெள்ளிக்கிழமை நாற்பது.
டாக்டர் பயம் என்றார், பசி என்றார்,
சாத்திய ஜன்னல், மண்ணெண்ணெய் அடுப்பு என்றார்.
ஊருக்கு அது போதவில்லை.
ஊருக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது.

பள்ளி வாசலில்
சீமைமாதுளை மிட்டாய் விற்ற ஒஃபேலியா சுபிஷாகாவுக்கு
ஒரு முகம் இருந்தது.
இடது கன்னத்தில் பழைய தீக்காயம் வேறு.

'நெருப்பில்லாமல் புகையுமா?'
எட்டுப் பத்தித் தலைப்பு. நான் எழுதியது.
கேள்விக்குறி போட்டுவிட்டால் பொய் ஆகாது
என்றார் ஆசிரியர்.
எனக்கும் அது கெட்டிக்காரத்தனமாகத்தான் பட்டது.
அன்று இரண்டாம் முறை அச்சடித்தோம்.
ராத்திரி அவளுடைய தள்ளுவண்டி புகைந்தது,
நெருப்போடுதான்.

செப்டம்பரில் தலைநகரிலிருந்து
பரிசோதனை முடிவு வந்தது:
சர்க்கரை, பழம், எலுமிச்சை.
வேறொன்றும் இல்லை.
அதையும் போட்டோம். ஏழாம் பக்கத்தில்,
ஆற்றின் நீர்மட்டத்துக்கும்
ஆட்டு ரோமத்தின் விலைக்கும் நடுவே.
பிறகொரு நாள் ஸ்கேல் வைத்து அளந்தேன்.
நான்கு சென்டிமீட்டர்.
அதற்குள் அவள் ஆற்றைக் கடந்து
அக்கரை நாட்டுக்குப் போய்விட்டிருந்தாள்.

மைத்தே இரிகோஷென் வங்கியில் காசாளர்.
அவள் பிறப்பதற்கு முந்தைய கதை.
நூலகத்தில் பழைய தாள்களைப் புரட்டிப் புரட்டி
இரண்டு வருஷம் எழுதினாள் இந்த நாடகத்தை.
'உங்கள் தலைப்பை எடுத்துக்கொள்ளலாமா?' என்று கேட்டாள்.
அது என்னுடையதல்ல, ஊர் பேசியது என்று
நாக்கு நுனிவரை வந்தது.
எடுத்துக்கொள் என்றேன்.

கூட்டமாக நடிக்க ஊர்க்காரர்களே வந்தார்கள்.
கறிக்கடைக்காரர். ஓய்வுபெற்ற தபால்காரர்.
சாட்சி சொல்லும் வேஷத்தைக் கேட்டு வாங்கியவள்
ஒர்த்தென்சியா பிதெகாயின்.
முதலில் மயங்கி விழுந்த அதே சிறுமி.

இரண்டாம் அங்கம். அவள் முறை.
'மிட்டாயில் அவள் எதையோ தடவியதைப் பார்த்தேன்'
என்று சொல்ல வேண்டும்.
சொல்லவில்லை.
டார்ச்சை அடித்தேன். கிசுகிசுத்தேன்:
பார்த்தேன்.
குழியைக் குனிந்து பார்த்தாள்.
கொஞ்சம் உரக்க: பார்த்தேன்.

அவள் அரங்கின் பக்கம் திரும்பினாள்.
'இவர் சொல்வது கேட்கிறதா உங்களுக்கு?
அன்றைக்கும் இப்படித்தான் எடுத்துக் கொடுத்தார்.
சொன்னதும் ஒரு சாக்லேட் தந்தார்.'

பிரதியில் இல்லை அது.
பக்கத்தைப் புரட்டினேன், ஏதோ
அடுத்த பக்கத்தில் இருக்கும் என்பதுபோல.

சாக்லேட் எனக்கு ஞாபகமில்லை.
ஆனால் அந்த நாட்களில்
என் கோட்டுப் பையில் எப்போதும்
ஒன்றிரண்டு கிடக்கும்.

மூன்றாம் வரிசையில் ஒருவர் எழுந்து எட்டிப் பார்த்தார்.
அவருக்குப் பின்னால் இன்னொருவர்.
பிறகு நாற்காலிகள் நகரும் சத்தம்.
அந்தப் பார்வையை எனக்குத் தெரியும்.
தீர விசாரியுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அடியெடுத்துக் கொடுக்க
அங்கே யாரும் இல்லை.