குறியெண்

மாரிபோரில் நவம்பர்.
திராவா ஆற்றிலிருந்து எழுந்த மூடுபனி
பாலத்தில் பாதியை விழுங்கியிருந்தது.
மீதிப் பாதியில் நடந்து வந்தாள் மர்யேத்தா,
இணை ஆய்வாளர், வயது ஐம்பத்து நான்கு.
வாழ்வில் முதன்முதல் கையெழுத்திட்ட வேலை ஒப்பந்தத்தை
மழைக்கோட்டுக்குள் நெஞ்சோடு வைத்து
நனையாமல் கொண்டுவந்திருந்தாள்.

படிவத்தை விரல் வைத்துப் படித்தாள்.
முதல் பெட்டியிலேயே விரல் நின்றது.
பங்கேற்பாளர் எண்.
"மறுபடியும் எண்ணா?"

விளக்கினேன். இரகசியம் காப்பது,
நெறிமுறைக் குழு, தரவுப் பாதுகாப்பு.
எல்லாம் சரியான சொற்கள்தான்.
அவள் கம்பளிச் சட்டையின் கழுத்தை மடித்துக் காட்டினாள்.
அங்கே ஒன்றுமில்லை.
அதைத்தான் காட்டினாள்.

மலைக்கு அந்தப் பக்கம், பிரபுக்கள் விட்டுப்போன மாளிகையில்
முப்பத்தொரு வருடம்.
உள்பாவாடையில் 114, துண்டில் 114,
கரண்டிக் காம்பில் 114.
யாரோ ஒருத்தியின் 141ஐத் தவறி உடுத்திய நாளில்
இரவுச் சாப்பாடு கிடையாது.
"எண்ணுக்குப் பசிக்காது" என்றாள்.

குழுவுக்குக் கடிதம் போட்டோம்.
ஒன்பது வாரம் கழித்துப் பதில்:
உண்மைப் பெயர் கூடாது,
புனைபெயருக்கு ஆட்சேபமில்லை.

ஆகவே எங்கள் ஆய்வில்
ஒருவர் பெயர் புரெக். இறைச்சி வைத்தது,
பாலாடைக்கட்டி வைத்தது இல்லை என்று
ஒலிப்பதிவிலேயே திருத்தியிருக்கிறார்.
ஒருவர் ஓட்டுநர்.
ஒருவர் குடியரசுத் தலைவர்;
செவ்வாய்க்கிழமை பாத்திரம் கழுவுவது அவர் முறை.
பேசாத ஒருவர் படப்பலகையில்
முட்டைக்கோஸைத் தொட்டார்.
மூன்று வெவ்வேறு நாட்களில் கேட்டோம்.
மூன்று நாளும் முட்டைக்கோஸ்.
அப்படியே எழுதிக்கொண்டோம்.

கேள்வி பதினொன்று:
மாலையில் என்ன செய்வதென்று யார் முடிவெடுக்கிறார்கள்?
முட்டைக்கோஸின் ஒலிப்பதிவில்
நாற்பத்தேழு வினாடி.
குளிர்பெட்டியின் உறுமல், நாற்காலி உரசல்,
எங்கோ உலோகம், கொஞ்சம் காற்று.
பதில் இல்லை என்று தட்டச்சு செய்தேன்.
தாள் கிழிய அதை அடித்தாள் மர்யேத்தா.
"நீ அங்கே இல்லை. அவள் எழுந்தாள்.
கதவைத் தானே திறந்தாள். வெளியே நின்றாள்.
திரும்பி வந்து சாத்தினாள்.
சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.
இதற்குமேல் என்ன சொல்லணும்?"

அட்டவணையில் அதற்கு இடமில்லை.
புதிதாக ஒரு நெடுவரிசை போட்டோம்: கதவு.
பழைய பதிவுகளை முதலிலிருந்து கேட்டேன்,
கிறிஸ்துமஸ் அதிலேயே போயிற்று.
பதில் இல்லை என்று நான் எழுதிய
இருபத்தாறு இடங்களில் பத்தொன்பதில்
யாரோ எதையோ செய்துகொண்டிருந்தார்கள்.

மூன்றாம் மாடி லெஸ்யாக்,
இவர்கள் குடிவரக்கூடாதென்று
வீடு வீடாய்க் கையெழுத்து வாங்கியவர்.
இப்போதும் படிக்கட்டில் வணக்கம் சொல்வதில்லை.
ஆனால் தரை உறைந்த காலைகளில்
தன் காரைச் சுற்றி உப்புத் தூவ வந்தவர்
புரெக்கின் வாசல்வரை போய்
அங்கிருந்து பேருந்து நிறுத்தம்வரை தூவிவிட்டு
குனிந்த தலையோடு மாடியேறுகிறார்.
இதை எந்தத் தலைப்பில் சேர்ப்பதென்று
எங்களுக்குள் சண்டை.
சமூக ஆதரவு என்கிறேன் நான்.
உப்பு என்கிறாள் அவள்.

இரண்டாம் கட்டத்துக்குப் பணம் வரவில்லை.
அமைச்சகம் மார்ச் என்கிறது,
போன மார்ச்சிலும் மார்ச் என்றது.
ஒப்பந்தம் முடிந்த மறு வியாழன்
வழக்கம்போல் வந்து உட்கார்ந்தாள்.
"உன் பேர் என்ன?"
தெரியும்தானே என்றேன்.
"அதில்லை. இந்த ஆய்வில்."

என்னை யாரும் கேட்டதில்லை.
படப்பலகையை என் பக்கம் தள்ளினாள்.
ரொட்டி, நாய், மிதிவண்டி, மழை,
ஓரம் கிழிந்த ஒரு பல்துலக்கி.
சன்னலுக்கு வெளியே
ஆறாம் எண் பேருந்து ஒன்று போயிற்று.
பிறகு இன்னொன்று.
கோட்டைக்கூடக் கழற்றாமல்
காத்திருந்தாள்.