ஒன்பது மில்லிமீட்டர்

முதல் வட்டத்தை ஓர் ஏப்ரலில் வரைந்தோம்.
குவோப்பியோவில் ஏரி இன்னும் இறுகிக் கிடந்தது.
என் இடது முன்கையில் மூன்று சொட்டு:
பிர்ச் மகரந்தம், ஹிஸ்டமின், வெறும் உப்புநீர்.
மூன்று குத்து.
பதினைந்து நிமிடம் ஆகட்டும் என்று
முட்டை வேகவைக்கும் கடிகாரத்தைத் திருகி வைத்தார் ரெய்யோ.

தடிப்பின் ஓரத்தைப் பேனாவால் சுற்றி
ஒட்டுநாடாவை அழுத்தி உரித்து
நோட்டில் ஒட்டினோம்.
ஒன்பது மில்லிமீட்டர்.
நாடாவோடு இரண்டு முடியும் வந்தன.
முப்பத்தோரு வருடமாக
அந்தப் பக்கத்திலேயே இருக்கின்றன.

பரிசோதனைக்கு ஆள் கிடைக்காத வருடம் அது.
கை சும்மா இருந்தது, கொடுத்தேன்.
பிறகு ஒவ்வொரு ஏப்ரலும் கொடுத்தேன்.

அரண்டவன் கண்ணுக்கு
இருண்டதெல்லாம் பேய்.
உடம்பும் அப்படித்தான்,
ஒரு மரம் காற்றில் அனுப்பிய மஞ்சள் பொடிக்கு
ஊரையே எழுப்பி, கதவை அடைத்து,
மூக்கிலும் கண்ணிலும் தண்ணீரை வாரி இறைக்கிறது.
ஏன் அரண்டது என்பதுதான் என் வேலை.
மானிய விண்ணப்பங்களில்
இதையே பன்னிரண்டு பக்கத்துக்கு எழுதினேன்.

முந்நூற்று நாற்பது குழந்தைகள்.
பாதிப் பேர் பண்ணைகளில், பாதிப் பேர் அடுக்ககங்களில்.
மெத்தைத் தூசி வேண்டும் என்று
லாப்பின்லாஹ்திக்கு நூறு கிலோமீட்டர் போக வர ஓட்டினேன்.
வருகிறேன் என்று முன்கூட்டிச் சொன்னது என் பிழை.
ஹெல்வி மெத்தையை அடித்து, உதறி,
பனியில் புரட்டி எடுத்து, புது விரிப்புப் போட்டிருந்தாள்.
உறிஞ்சு பையில் ஒன்றுமே ஏறவில்லை.
அழுக்கு கேட்டு வந்தேன் என்று
ஒரு மாட்டுக்காரியிடம் எப்படிச் சொல்வது?
ஏலக்காய் ரொட்டி தந்தாள்.
சாப்பிட்டுவிட்டு, கொட்டிலுக்குள் போய்
என் காலணியின் அடியைச் சுரண்டிக்கொண்டேன்.

எண் 212 ஈரிஸ்.
ஊசி ஏறும்போது அழமாட்டாள்,
எண்களைப் பின்னிருந்து சொல்வாள்.
ஒன்பதாவது வயதில்
வகுப்புத் தோழியின் பிறந்தநாள்.
கேக்கில் அரைத்த ஹேஸல் கொட்டை.
ஊசிப்பேனா அவள் மேல்கோட்டின் பையில்,
மேல்கோட்டு நடைவழியின் கொக்கியில்,
அதன்மேல் பதினான்கு குழந்தைகளின் கோட்டுகள்.

கட்டுரையின் இரண்டாம் அட்டவணையில்
ஒரு வரி உண்டு.
பின்தொடர்வில் விடுபட்டோர்: 1.
அப்படித்தான் எழுதவேண்டும் என்றார் தோர்ஸ்டி.
அப்படித்தான் எழுதினேன்.
அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட என் கட்டுரை அது.

அப்புறம் உறைபெட்டி.
நடுக்கோடை விடுமுறை, ஊரே ஏரிக்கரையில்.
அபாய மணி
வேலையை விட்டுப் போனவர் ஒருவரின் மேசைத் தொலைபேசியில்
மூன்று நாள் அடித்திருக்கிறது.
பதினோரு வருட சீரம் உருகி
குழாய்களில் வெளிறிய தேநீர்போல் நின்றது.
அழிக்கக் கையெழுத்துக் கேட்டார்கள். போட்டேன்.
ஒரு குழாயை மட்டும் எடுத்தேன்.
எந்த எண் என்று யாரும் கேட்கவில்லை.
அதில் அளக்க எதுவும் மிஞ்சியிருக்கவில்லை,
அதுவும் எனக்குத் தெரியும்.

இந்த ஏப்ரலில்
ரெய்யோவின் கடிகாரம் மட்டும் இருந்தது.
பதினைந்து நிமிடம்.
இரண்டு மில்லிமீட்டர்.
மூன்றுக்குக் கீழ் என்றால் இல்லை என்று எழுதுவது
எங்கள் நோட்டின் வழக்கம்.
திரும்பக் குத்திப் பார்த்தேன்.
இல்லை.

கொண்டாட வேண்டியதுதான்.
வயதானால் உடம்புக்குக் கோபம் குறையும்,
நானே பாடம் நடத்தியிருக்கிறேன்.
ஆனாலும் ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்து
யாரோ என்னோடு பேச்சை நிறுத்திவிட்டதுபோல்
கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் ஒரு பச்சை ஆப்பிள் வாங்கினேன்.
பிர்ச் ஒவ்வாத வாய்க்கு ஆப்பிளும் ஒவ்வாது,
இத்தனை காலம் வேகவைத்தே தின்றவள்.
பல் பதிந்தது.
உதடு அரிக்கவில்லை, தொண்டை அரிக்கவில்லை.
புளித்தது.
அவ்வளவுதானா என்று இருந்தது.
விதைவரை தின்றேன்.

கோட்டுப் பையில் ஊசிப்பேனா இருக்கிறது.
எனக்கு அது எப்போதும் தேவைப்பட்டதில்லை.
காலாவதியானால் மாற்றிவிடுவேன்.
யார் வீட்டு விருந்துக்குப் போனாலும்
கோட்டைக் கொடுங்கள், மாட்டிவைக்கிறோம் என்பார்கள்.
குளிர்கிறது என்பேன்,
அடுப்பருகில் நின்றுகொண்டு.