முப்பது ஆம்பியர்

நாற்பத்தொன்றாம் எண் கம்பத்தில்
முப்பது ஆம்பியர்தான் வரும்.
வெந்நீர்த் தொட்டிக்குப் பன்னிரண்டு,
அறைச் சூடேற்றிக்குப் பன்னிரண்டரை,
ஃபிரிட்ஜும் பாட்டரி சார்ஜரும் எட்டு.
கூட்டினால் இடிக்கும்.
அறை சுடலாம், அல்லது தண்ணீர்.

எரிவாயுவில் ஓட்டலாம். உருளை காலி.
நிரப்ப இருபத்தாறு மைல் போகவேண்டும்.
யார் போவதென்று கேட்க
ஒருத்தியாவது வாய் திறக்கவேண்டும்.

அப்பாவின் வீடு விற்றுப் பதினான்கு மாதம்,
தோராவும் நானும் பேசுவதில்லை.
இந்த வண்டியை மட்டும்
இருவர் பெயரிலும் எழுதிவிட்டுப் போனார்.
செப்டம்பர் கடைசி வாரம் எனக்கு என்று
கடிதம் போட்டாள்.
எனக்கும் என்று போட்டேன்.
வந்துவிட்டோம், இருவருமே,
சுப்பீரியர் ஏரிக்கரைக்கு.

முதல் காலை கெட்டிலைப் போட்டாள்.
டப்.
விளக்கு எரிந்தது, அது பாட்டரியில்.
மற்றதெல்லாம் மூச்சை நிறுத்தியது.
வெறுங்காலோடு ஓடி
கம்பத்துப் பெட்டியைத் திறந்து
விசையைக் கீழே தள்ளி மேலே தூக்கினேன்.
புல்லெல்லாம் உறைபனி.

அதற்குப் பிறகுதான் சொல்ல ஆரம்பித்தோம்.
"கெட்டில்."
"இரு, வெந்நீரை அணைக்கிறேன்."
"டோஸ்டர்."
"ம். போடு."
மூன்று நாளில் இத்தனை பேச்சு,
அத்தனையும் மின்சாரம்.

வியாழக்கிழமை மழை.
முடி உலர்த்தியை எடுத்தாள்.
"அதுக்கெல்லாம் இங்கே இடமில்லை,
அப்பா இருந்திருந்தா உனக்கு..."
பாதியில் விழுங்கினேன்.
ஈரத் தலையோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
விசை விழவில்லை.
விழுந்திருந்தால்
எழுந்து வெளியே போக ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

ஆறு கேலன் தொட்டி.
சூடாக ஒரு மணி நேரத்துக்கு மேல்,
தீர ஏழு நிமிடம்.
முதலில் குளிப்பவளுக்கு வெந்நீர்
அடுத்தவளுக்கு ஏரி.
இதுவரை ஓட்டத்தில் நானே ஜெயித்தேன்.

இன்று விடியுமுன் மூக்கு நுனி
சில்லிட்டு விழித்தேன்.
அறைச் சூடேற்றி ஓடவில்லை.
கம்பம் மறுபடி விழுந்ததோ என்று எழுந்தால்
மேசையருகே தோரா,
கோட்டுக்கு மேல் கோட்டு,
கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு.
வெந்நீர் விசையில் சிவப்புப் புள்ளி.

"இன்னும் பத்து நிமிஷம் ஆகும்,"
என்றாள், என்னைப் பார்க்காமல்.
"நீ முதல்ல போ."

குழாயை மூடிவைத்துச் சோப்புப் போட்டேன்.
திறந்தேன், மூடினேன்.
வெளியே வந்தபோது
கண்ணாடியில் ஆவிகூடச் சரியாகப் படியவில்லை.