படுக்கைக்கு முன் ஒன்று

குளிசைப் போத்தலில் எழுதியிருக்கிறது:
"படுக்கைக்குப் போகுமுன் ஒன்று."
எத்தனை மணிக்கு என்று இல்லை.

இருபத்தேழு வருடம்
ஸ்காபரோவில் ஒரு பாண் தொழிற்சாலை, இரவு வேலை.
நகரம் நித்திரை கொள்ள நான் மாப்பிசைந்தேன்.
பென்ஷன் வந்துவிட்டது.
உடம்புக்குத்தான் ஒருவரும் அறிவிக்கவில்லை.

"கொழுப்பு கூடிப்போச்சு" என்றார் டொக்டர்.
மனுசி சிரித்தாள்: "இதை நான்
கலியாணம் முடிச்ச கிழமையே சொன்னனான்."
பிறகு அவர் கேட்டது
ஆட்டிறைச்சியைப் பற்றியல்ல.
"எத்தனை மணித்தியாலம் நித்திரை?"
விரல்களை மடித்தேன்.
மூன்று.
நாலாவது பாதியில் நின்றது.

இரண்டரை மணி.
ஸ்நோ வழிக்கிற ட்ரக் மார்க்கம் றோட்டால் போகிறது.
உள்ளே ஒருவன் விழித்திருக்கிறான்;
அவன் இரத்தத்தை
ஆர் பார்க்கிறார்கள்?
உள்ளங்கை வியர்வையில்
குளிசை சாயம் விடுகிறது.

நேற்று, வெறும் வயிற்றோடு,
மறுபடி இரத்தம் கொடுக்கப் போனேன்.
பிளாஸ்டிக் கதிரை, நாற்பத்தொன்றாம் இலக்கம்,
காலை வெயில் முழங்காலில்.

"மிஸ்டர் சிவா... கடா?"
மூன்று தரம் கூப்பிட்டாளாம்.

சிவகடாட்சம் அப்போது
வாய் பிளந்து
நல்ல நித்திரை.